மீன்மேசைக் கல்லும் ஒரு மன்னிப்பும்

கதிரைக்குக் கனம் சேர்க்கும் தலைவர் அபூதாஹிர் ஹாஜியார் அவர்களே! கடலை நம்பிக் கரையில் காத்திருக்கும் பெரியோர்களே! கத்தி பிடித்தே கை காய்த்த தாய்மாரே! பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சுலோஜனாவின் வணக்கமும் ஸலாமும் உங்கள் எல்லோருக்கும்!

உப்புவெளி மீன்சந்தையில் இன்று புதிய கிரனைட் வெட்டுமேசை திறக்கிறோம். பழைய மேசைக்கு என்ன நடந்தது? கிரனைட் என்று நம்பிப் பதித்த, வெள்ளை வெளேரென்று மின்னிய கல், ஒரே மாதத்தில் மங்கிச் சொரசொரத்துப் போனது. யாரைக் குற்றம் சொன்னோம்? மீன்வாடை போகத் தேசிக்காயை வெட்டித் தேய்த்துக் கழுவும் கமலேஸ்வரி அக்காவை! கல்லைக் கெடுத்தவர் என்று கூட்டம் கூடி, பதினைந்து வருடம் அவர் நின்று வெட்டிய இடத்தையே பறித்தோம்.

அவருடைய மகள் பிரியதர்சினி என் வகுப்பில் எழும்பி நின்றாள். "கிரனைட்டைத் தேசிப்புளி அரிக்காதெண்டு நீங்கள்தானே ரீச்சர் படிப்பிச்சனீங்கள்? அப்ப அம்மாவில என்ன பிழை?" என்றாள்.

ஓடிப்போய் அந்தக் கல்லில் தேசிப்புளி பிழிந்தேன். நுரைத்தது! கிரனைட் நுரைக்குமா? நுரைக்கவே நுரைக்காது! அது சுண்ணாம்புக்கல் உருமாறிப் பிறந்த சலவைக்கல். புளி பட்டால் வாயுவைக் கக்கிக் கரையும்.

கிரனைட் யார் தெரியுமா? பூமியின் அடிவயிற்றில் உருகிய குழம்பு, ஆற அமர, இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்து இறுகிப் பிறந்த பிள்ளை! அவசரப்படாமல் ஆறியதால்தான் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருத்தன. கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெள்ளையும் இளஞ்சிவப்புமான பெல்ட்ஸ்பார், மினுங்கும் மைக்கா. மூன்றுக்கும் அடிப்படை சிலிக்கா. தேசிப்புளி தலைகீழாக நின்றாலும் அதை அசைக்க ஏலாது!

என்ன, பின்வரிசையில் றிகாஸ் தம்பி சிரிக்கிறார்? அந்தக் கல்லை வாங்கச் சொன்னது ஆர் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கடையில் பளபளப்பைப் பார்த்து மயங்கி, முதல்தரக் கிரனைட் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, இருபது வருடம் பாறை படிப்பித்த இந்தச் சுலோஜனாவேதான்! ஒரு மணியாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேனா? ஒரு சொட்டுப் புளி விட்டுப் பார்த்தேனா? கடைக்காரர் தந்த தேசிக்காய்த் தண்ணியை மட்டும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு வந்தேன்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்.

பிழை என்னுடையது. பழி மட்டும் அவருடையதா? சபையறியப் பறித்த இடத்தைச் சபையறியக் கொடுக்க வேண்டாமா? ஓம் என்கிறீர்கள். சந்தோசம்.

கமலேஸ்வரி அக்கா, என்னை மன்னியுங்கள். உங்களை மேடைக்கு அழைக்க எனக்குத் தகுதியில்லை. நானே இறங்கி வருகிறேன். பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி, வணக்கம். நாடா வெட்டுவதெல்லாம் வேண்டாம் அக்கா. உங்கள் இடத்தில் நின்று முதல் மீனை வெட்டுங்கள். மேசை கழுவுவது இன்றைக்கு என் வேலை.