அதே குழி

உத்திரமேரூரில் பஸ் ஏறியதும் என் முன்சீட்டில் அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்தவள் மாத்திரையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

“இன்னும் பத்து வருசத்துக்கு நான் சாவக்கூடாதுக்கா.”

“அது இன்னாடி கணக்கு?”

“எங்க வூட்டுக்காரரு குழியிலயே என்னையும் வைக்கணும். ஒருத்தரப் பொதச்ச குழிய அதுவரைக்கும் தோண்ட மாட்டாங்களாம். ஃபாதர் சொல்லிட்டாரு.”

“செத்தா எப்டியும் மேல போயி அவரப் பாக்கப்போற. எந்தக் குழியா இருந்தா இன்னா?”

அவள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை மூடினாள்.

“கடைசி நாள்ல ஆண்டவரு எல்லாரையும் கல்லறையிலேர்ந்து எழுப்புவாரு. நம்மாளுக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. கூட்டத்துல என்னத் தேடிக்கினு நிப்பாரு. பக்கத்துலயே எழுந்தேன்னா கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போயிடுவேன்.”