செல்லோ இருக்கிறது என்றேன்

வான்கோழி ஆறிப்போனால் அதை வாயில் வைக்க முடியாது. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இருந்தாலும் நீங்கள் ஜோலீனின் அண்ணன், இவ்வளவு தூரம் கேட்க வந்திருக்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று நன்றி நாள் விருந்து. பர்பாங்கில் என் வீட்டு மேசை நிறைய ஆட்கள். வான்கோழியை அறுக்கக் கத்தியை எடுத்தேன், போன் அடித்தது. ஜோலீன்தான், வேறு யார்.

"லோவெல், செல்லோ மறுபடியும் காணாமப் போச்சுப்பா. ஓடவிட்டா கேக்குது, எக்ஸ்போர்ட் பண்ணா இல்ல. உனக்கு அனுப்பியிருக்கேன், கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

உங்கள் தங்கைக்கு இசையமைக்கத் தெரியும், கணினி தெரியாது; அந்த வேலைக்குத்தான் நான். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய படம் அது. அதன் இசை முழுக்க ஒரு செல்லோவை, அந்தப் பெரிய வயலினை, நம்பி நின்றது. அதுவும் நிஜச் செல்லோ இல்லை, செல்லோ போலவே ஒலிக்கும் பிளக்-இன், கணினிக்குள் இருக்கும் ஒரு மென்பொருள். ஒவ்வொரு சுரத்தையும் அது வட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். ஓடவிட்டுக் கேட்கும்போது அதற்கு அவகாசம் உண்டு. எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எழுதும்போது, கணினி தலைதெறிக்க ஓடும், பிளக்-இன் பின்தங்கிவிடும், அந்த இடம் ஊமையாகப் பதியும். 'நிஜ வேகத்தில்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். எதையாவது அப்டேட் செய்து அதை அழித்துவிட்டு மறுபடி கூப்பிடுவாள். என்ன செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

அவள் அனுப்பியதைக் கேட்டேன். செல்லோ இல்லை. மேசையிலிருந்து என் மனைவி பெக்கி முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கே ஜோலீன். நல்லாவே கேக்குதே."

"நிஜமாவா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"அப்போ டாக்டர்கிட்ட காதைக் காட்டும்மா," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அன்று சூடாகச் சாப்பிட்டேன். அடுத்த சில நாட்கள் அவள் கூப்பிடவில்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு காதைச் சோதித்துக்கொண்டு வந்தாள். ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சோதனையில் வெறும் பீப் சத்தம்தானே போடுகிறார்கள், இசை வேறு என்றேன். ஓடவிட்டால் கேட்கிறதே என்றாள். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதையே சொன்னேன்: திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் கண்தான் கேட்கும். செல்லோவின் பச்சைக் கோடு ஆடுகிறது, நீ கேட்டதாக நினைத்துக்கொள்கிறாய் என்றேன்.

அவள் முட்டாள் இல்லை. "சரி, ஸ்கிரீனை ஆஃப் பண்ணு. இப்போ ஓடவிடு," என்றாள்.

திரையை அணைத்தேன். ஓடவிட்டது அவளுடைய எக்ஸ்போர்ட்டை, செல்லோ இல்லாததை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். செல்லோ வரவேண்டிய இடத்தில் நான் மெல்லத் தலையாட்டி, "அடடா," என்றேன். அவள் முகம் வெளிறிப்போனது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

அதன்பிறகு எக்ஸ்போர்ட் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். டிக் போட்டு, சுத்தமாக, இயக்குநருக்கு அனுப்பினேன். அவர் ஜோலீனைக் கூப்பிட்டு, "அந்தச் செல்லோ என்னைக் கொன்னுடுச்சும்மா," என்றாராம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். போனை வைத்துவிட்டு அவள் என் ஸ்டுடியோ சோபாவில் சுருண்டு படுத்து அழுதாள். "எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும் இல்ல. இனி நான் எதுக்கு லோவெல்?" என்றாள். மீதிப் படத்தை என்னையே முடிக்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். எத்தனையோ படங்களின் கடைசிப் பெயர்ப் பட்டியலில் என் பெயர் சமையல்காரர், வண்டியோட்டி எல்லோருக்கும் கீழே ஓடியிருக்கிறது. இதில் அவள் பெயருக்குப் பக்கத்தில் வந்தது.

வண்டி ஓட்டுவதை விட்டாள், பியானோவை விற்றாள். பின்னால் யாராவது கூப்பிட்டால் திரும்புவதற்கு முன், நிஜமாகவே கூப்பிட்டார்களா என்று என்னைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்று தலையசைப்பேன்.

பழைய எக்ஸ்போர்ட் கோப்புகளை அவள் கணினியில் நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அவற்றில் செல்லோ இல்லை, அதனால் என்னைக் குற்றவாளி என்கிறீர்கள். சரி. ஆனால் முதல் காட்சியன்று நான்தான் அவளைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன், நீங்கள் இல்லை. படத்தில் அம்மா பாத்திரம் சாகும் இடம். அரங்கம் முழுக்கச் செல்லோ எழுந்தது. ஜோலீன் என் கையை இறுகப் பிடித்தாள்.

"லோவெல், கேக்குது. எனக்குக் கேக்குதுப்பா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் அவள் காதருகே குனிந்தேன்.

"அது நீ எழுதினதும்மா. ஞாபகத்துல கேக்குது. அந்த இடத்துல செல்லோவையே எடுத்துட்டோம்."

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். சரி என்று தலையசைத்தாள். படம் முடியும்வரை நான் அவளைத் தனியாக விடவில்லை, பக்கத்திலேயே துணையாக உட்கார்ந்திருந்தேன்.