ஆட்சேபணை எதுவும் வரவில்லை

அறிவிப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டுமானால் பசையைச் சற்று ஆறவிட வேண்டும், ஐயா. நகராட்சி அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அடியேன் பார்த்த வேலை அதுதான். வாசலில் இருக்கும் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டுவேன். பதினைந்து நாள் காத்திருப்பேன். ஆட்சேபணைப் பதிவேட்டில் 'எதுவும் வரவில்லை' என்று எழுதிக் கையொப்பமிடுவேன். பக்கம் பக்கமாக அந்த இரண்டு சொற்கள்தான்.

எதிரிலிருக்கும் சந்தைக் கட்டடத்தில் நான்காம் தூண் விரிசல் கண்டது. பழுதுபார்க்க ஒதுக்கிய பணத்தை நகராட்சித் தலைவரும் ஒப்பந்தக்காரரும் விழுங்கிவிட்டு, தூணுக்கு வெள்ளையடித்து, உத்தரத்துக்கு இரும்பு முட்டு ஒன்றை மட்டும் கொடுத்து நிறுத்தினார்கள். ஊருக்கே தெரியும். "எவன்தான் சாப்பிடல, விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அந்த முட்டிலேயே பையை மாட்டிவைத்துப் பேரம் பேசினார்கள்.

என்னால் விட இயலவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்து, ஆட்சேபணை கோரி ஒட்டினேன். தலைவர் அந்தக் கண்ணாடியில் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். வரி கட்டும் வரிசையில் நின்ற தையற்காரர், "என்ன நோட்டீஸ் சார், உங்க கல்யாணப் பத்திரிகையா? இந்த வயசுலயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன்.

பதினைந்து நாள் கழிந்தன. எதுவும் வரவில்லை.

"ஒரே ஒருத்தர் படிச்சாக்கூடப் போதும்" என்று மனைவியிடம் புலம்பினேன். "நீங்க ஒட்டுறத நானே படிச்சதில்லையே" என்றாள்.

ஆகவே இரண்டாவது அறிவிப்பை ஒட்டினேன். நாள் குறித்து, வியாழன் காலை பத்து மணிக்கு அந்த இரும்பு முட்டு அகற்றப்படும், உத்தரம் விழும், ஆட்சேபணைகளை முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் தரலாம் என்று சிவப்பு மையில், பெரிய எழுத்தில். பதினைந்து நாள் தொங்கியது.

குறித்த நேரத்துக்குப் போய்த் முட்டின் திருகாணியைத் தளர்த்தினேன். எட்டுச் சுற்று. ஒருவர் தம் பையைக் கழற்றிக்கொண்டு, "பாத்து சார், சட்டை அழுக்காயிடும்" என்று வழிவிட்டார். முட்டுக் கம்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சாலையைக் கடந்து அலுவலகப் படியேறும்போதுதான் சத்தம் கேட்டது. பதினோரு பேர். மிகவும் வருந்துகிறேன்.

ஒருவர் ஆட்சேபித்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று கேட்கிறீர்கள். சத்தியமாக நிறுத்தியிருப்பேன், ஐயா. அதற்குத்தானே ஏங்கிக் கிடந்தேன்.

அந்தத் தக்காளிக்கார அம்மாவைப் பற்றியும் கேட்டீர்கள். நான்காம் தூணடியில் கடை போடுபவர். புதன்கிழமை நாலே முக்காலுக்கு வந்தார். நோட்டுத் தாளில் மகளை எழுதச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். "எடுத்துடாதீங்க சார். எங்க தலையிலதான் விழும்னு பொண்ணு படிச்சுச் சொல்லுது" என்றார். விதிப்படி ஆட்சேபணை இரண்டு பிரதிகளில் இருக்க வேண்டும். அவரிடம் ஒன்றுதான் இருந்தது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னேன். "அப்ப காலைல கடையப் போட்டுட்டு, இன்னொண்ணும் எழுதிக் கொண்டாந்துடறேன் சார்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

இடிபாட்டிலிருந்து எடுத்தபோது இரண்டு பிரதிகளும் அவர் கையில் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அலுவலகத்துக்கு வந்து சேராததைப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் இல்லை. நான் எழுதியது சரிதான், ஐயா.