வெள்ளிக்கிழமை காணாமல் போகும் செம்பருத்தி

லோதி ரோடு குடியிருப்புச் சங்கச் செயலாளர் செந்தில்குமார் அவர்களுக்கு, கீழ்வீட்டு ஏசுதாஸ் எழுதுவது.

உங்கள் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று கேள்விப்பட்டேன், பயப்பட வேண்டாம். தண்ணீரில் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து தெளித்தால் போய்விடும். செடி வளர்ப்புக்குப் பொறுமைதான் முக்கியம்.

என் பால்கனிச் செம்பருத்தியில் வெள்ளிதோறும் ஒரு பூ காணாமல் போவதாகப் புகார் கொடுத்திருந்தேன். செடி உங்களுடையதுதானா, எப்போது வந்தது என்று விவரம் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட கேள்விக்கு முழு விடை எழுத வேண்டும் என்பது சாத்தூர்ப் பள்ளியில் படிந்த பழக்கம். எழுதுகிறேன்.

மேல்வீட்டுப் பத்மநாபன் போன ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தார். ரயிலில் மடியிலேயே வைத்து ஒரு செம்பருத்தித் தொட்டியும் கொண்டுவந்தார். அதில் தினமும் எட்டுப் பூ. என் செடியில் எட்டு வருடமாக வெறும் இலை.

"ஒங்களுக்குக் கைராசி கெடையாது அண்ணாச்சி, விட்ருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரிக் குளிரில் அவர் செடி இலையெல்லாம் கொட்டிவிட்டது. டெல்லியில் அது வருடாவருடம் நடப்பதுதான். புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லை.

"செத்துட்டோ அண்ணாச்சி?"

பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே நல்ல பச்சை. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

"போயிருச்சு தம்பி. செத்த செடிய வீட்ல வச்சிருக்கக் கூடாது. ஜல்தியா குடுங்க, நானே தூரப் போட்டுர்றேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் தொட்டியை நான் ஒருவனே சுமக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் அதன் கிளைகளைப் பாதியாக வெட்டி, மண் மாற்றி, என் தொட்டியில் வைத்தேன். மார்ச்சில் தளிர், ஏப்ரலில் பூ. பத்மநாபன் வந்து பார்த்து, "அச்சு அசல் எங்க செடி மாதிரியே இருக்கே" என்று ஒரு குச்சி கேட்டார். பக்கத்து வீட்டாருக்கு இல்லை என்று சொல்லலாமா? மூன்று முறை கொடுத்தேன். மூன்று முறையும் அடிமுனையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் பிடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒன்றும் வேர் பிடிக்கவில்லை.

இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட அவர் மனைவி உமாமகேஸ்வரி அவரை விடுவதில்லை. "தள்ளி நில்லுங்க, ஒங்க கை பட்டாலே கருகிப்போவுது" என்று மேலிருந்து சத்தம் வரும்.

பூ எடுப்பவரையும் கண்டுபிடித்துவிட்டேன். உமாமகேஸ்வரிதான். பூஜைக்காக, மாடிப்படி ஜன்னல் வழியே கை நீட்டிப் பறிக்கிறார்.

செடி விவரம் இவ்வளவுதான். அடுத்தவர் செடியில் சொல்லாமல் கை வைப்பது என்ன பழக்கம் என்று நீங்கள் அந்த அம்மாவிடம் பக்குவமாகக் கேட்க வேண்டும். பத்மநாபனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். திருட்டு என்றால் அவர் மனது தாங்காது.