மகளின் பையில் இருந்த சாவி

காலை மழையில் அம்பிட்டிய ஊருக்குப் போகும் பஸ் கண்டியை விட்டுப் புறப்படாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்த இளையவர் சொன்னதைக் கேட்டதும், போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

“ஒரு மாசமா எங்க வீட்டுச் சாவி மகளோட பேக்லதான் இருந்துச்சு அக்கா.”

“ஆண்டு ஒன்னு படிக்கிற புள்ளகிட்டயா? ஏன் தங்கச்சி?”

“பள்ளிக்கூடக் கேட்டுல என் கைய விடவே மாட்டா. ‘நீங்க கூட்டிட்டுப் போக வராட்டி?’ன்னு அழுது வாந்தியே எடுத்துருவா. ஏசிப் பாத்தேன், சொக்லட் குடுத்துப் பாத்தேன். கடைசியில சாவியக் குடுத்து, ‘இது இல்லாம அம்மாவால வீட்டுக்குள்ள போக ஏலாது, ஒன்னத் தேடி வந்துதானே ஆகணும்’னு சொன்னேன்.”

“வேற சாவி வச்சிருப்பீங்கதானே?”

“அத அவரு வேலைக்குக் கொண்டு போயிருவாரு. பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் நான் பக்கத்து வீட்டு வெளி விறாந்தையிலதான் ஒக்காந்திருப்பேன், அது அவளுக்கும் தெரியும். புள்ளகிட்டப் பொய் சொல்லலாமா?”

“அப்ப இன்னைக்குச் சாவி ஒங்க கையில இருக்கே?”

அவர் விரல்களை விரித்துச் சாவியை ஒருமுறை பார்த்தார். பிறகு பஸ் முழுவதற்கும் கேட்கட்டும் என்பதுபோல் சொன்னார்:

“கேட்டுல அவளே எடுத்துக் குடுத்தா. ‘மழை பெய்யிதும்மா, விறாந்தையில நனையாதீங்க, வீட்டுக்குள்ள போய் இருங்க. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்’னா. சொல்லிட்டு நடந்தவ, திரும்பிக்கூடப் பாக்கல அக்கா!”