குளியலறை விளக்கு, மூன்றாம் வகை

என் போனில் சார்ஜ் ஒருநாளும் நாற்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. இந்த ஸ்டேஷனில் நீங்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டபோதும் எழுபத்திரண்டு இருந்தது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். போன் அணைந்துவிட்டது, சத்தம் கேட்கவில்லை என்றெல்லாம் நான் சாக்குச் சொல்லப்போவதில்லை.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் அது முதல் வகை. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். லிஃப்ட் ஓடவில்லை என்றால் இரண்டாம் வகை, நான்கு மணி நேரம். விளக்கு எரியவில்லை, கண்ணாடியில் கீறல் என்பதெல்லாம் மூன்றாம் வகை, எட்டு மணி நேரம். மாட்டிக்கொண்டவர்கள் ஒருமுறை மணியை அழுத்திவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள், முப்பது முறை அழுத்துவார்கள். அதனால் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் திரையில் ஒரு கேள்வி வரும். புதிய புகாரா, பழையதன் தொடர்ச்சியா? தொடர்ச்சி என்று தொட்டால் பழையதோடு போய் ஒட்டிக்கொள்ளும்; வகையும் கெடுவும் மாறாது.

போன வருடம் மேனேஜர் ஆபீஸ் போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இனி அவரவர் சொந்தப் போனே போதும் என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில்தான் பிரச்சினை. சாப்பிடும்போதும் போனையே பார்க்கிறேன் என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். ஒருநாள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“எவனோ லிஃப்ட்ல மாட்டினா ஒரு மணி நேரத்துல ஆள் அனுப்புறீங்க. இங்க குழாய் சொட்ட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. நானும் உங்க ஆபீஸுக்கே போன் பண்ணட்டுமா?”

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயமான யோசனை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் எண்ணையும் என் அக்கா எண்ணையும் ஆபீஸ் செயலிக்குள் சேர்த்தேன். குழாயை இரண்டாம் வகையில் போட்டு, மூன்றரை மணி நேரத்தில் முடித்தேன். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மனைவிக்குத் தகவலும் போனது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து புகார் எதுவும் பதிவாகவில்லை.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த தெருவில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். சாவி ஒன்று என்னிடம் உண்டு. ஒரு நாளைக்குப் பத்து முறை போன் செய்வாள். டிவி ரிமோட் காணாமல் போனால்கூட “உசுரு போற விஷயம்டா” என்றுதான் ஆரம்பிப்பாள். ஆகவே அவளுடையது எல்லாவற்றையும் மூன்றாம் வகையில் வைத்தேன். நான் எடுக்காதபோது என் குரலில் ஒரு பதிவு ஓடும்: “உங்கள் புகார் வந்துவிட்டது. பதறாதீர்கள். ஆள் கிளம்பிவிட்டார். இருக்கும் இடத்திலேயே இருங்கள்.” அதற்குப் பிறகு அவர்கள் பேசுவது எழுத்தாக என் திரையில் வரும். மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் கதவைப் பிளந்துவிடக் கூடாது என்று எழுதிய வாசகம் அது. வீட்டுக்கென்று தனியாக ஒன்று பதிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு அது பிடித்திருந்தது. “பதிவு பண்ணதுன்னு தெரியும்டா மடையா. நேர்ல பேசறத விட அதுலதான் பாசமா பேசுற” என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து பத்துக்கு, குளியலறை விளக்கு எரியவில்லை என்று அழைத்தாள். அந்தக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. மூன்றாம் வகை; மாலை ஆறு பத்து வரை கெடு.

பதினொன்று நாற்பதுக்கு மறுபடி அழைத்தாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். தொண்ணூற்றோரு நாளாக ஒரு புகார்கூடக் கெடு தாண்டவில்லை என்று மேனேஜர் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தார். எல்லா வரிகளும் பச்சை. அதில் அக்காவின் வரியும் ஒன்று என்பது எனக்கு மட்டும் தெரியும். மேசைக்கடியில் போனைப் பார்த்தேன்.

“போன் வெளிச்சத்துல போனேன், வழுக்கி விழுந்துட்டேன்டா. கால அசைக்க முடியல. தலையில ரத்தம் நிக்கல.”

அதன் கீழே அந்தக் கேள்வி.

புதிய புகார் என்று தொட்டிருக்கலாம். அது முதல் வகையாகியிருக்கும். பன்னிரண்டு நாற்பதுக்கு எல்லார் முன்னாலும் சிவப்பாகியிருக்கும். எழுந்து வெளியே போய் ஆம்புலன்ஸை அழைத்திருக்கலாம் என்கிறீர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் விளக்கு எரியாததால்தான் விழுந்தாள். அப்படிப் பார்த்தால் தொடர்ச்சிதான்.

விழுந்த பிறகு ஒன்பது முறை அழைத்தாள். ஒன்பது முறையும் தொடர்ச்சி என்று தொட்டேன். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் தொட்டேன். படிக்காமல் தொடுவது பொறுப்பற்ற வேலை.

கீழ்வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டுப் போய்க் கதவைத் தட்டியதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்து அக்கா, “தம்பி ஆள் அனுப்பிட்டான், இருக்கற இடத்துலயே இருக்கச் சொல்லியிருக்கான், நீங்க பதறாதீங்க” என்றாளாம். அவர் இறங்கிப் போய்விட்டார். அவர்மேல் தவறில்லை. அந்த வாசகம் அவ்வளவு நம்பிக்கை தரும்.

மீட்டிங் ஒன்றேகாலுக்கு முடிந்தது. வரிசையில் அக்காவுக்கு முன்னால் பதினான்கு புகார்கள் இருந்தன. சொந்த அக்கா என்பதற்காக முன்னால் விட்டால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவளுடைய கடைசி அழைப்பு இரண்டு பத்துக்கு வந்தது. அதில் புகார் எதுவும் இல்லை. “சாப்பிட்டியாடா” என்று மட்டும் இருந்தது. சாப்பிட்டிருந்தேன். அதையும் சேர்த்துவிட்டேன்.

ஐந்தரைக்கு ஒரு பல்பு வாங்கிக்கொண்டு போனேன். அக்கா குறுக்கே கிடந்ததால் ஸ்டூலை வைக்க இடம் போதவில்லை. அவள் கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். கை சூடாகத்தான் இருந்தது. பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் வந்ததும் அவள் கண் ஒருமுறை திறந்து மூடியது. தீர்க்கப்பட்டது என்று தொட்டேன். அவள் காதருகே கிடந்த போனில் தகவல் வந்து விழுந்த சத்தம் கேட்டது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு. பிறகுதான் புதிய புகார் ஒன்றைத் திறந்து, முதல் வகையில் போட்டு, ஆம்புலன்ஸை அழைத்தேன். பதினொரு நிமிடத்தில் வந்தது. போகிற வழியில் அக்கா இறந்துபோனாள். மத்தியானம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

விளக்கை ஏன் முதலில் மாற்றினாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். புகார் விளக்கைப் பற்றியது.

தெரிந்தே சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்வில் திருப்தி இல்லையென்றால் மூன்று நாளுக்குள் திரும்ப அழைக்கலாம் என்று அந்தத் தகவலிலேயே இருக்கும். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. அக்கா அழைக்கவில்லை.