ஸ்டாண்ட் இல்லாத பைனாகுலர்

கடந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காளும் தங்கையும் இருந்தார்கள். அக்காளின் மடியில் கைக்குழந்தையளவு பெரிய பைனாகுலர். இறந்துபோன கணவருடையதை விற்கக் கொண்டுபோகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

“வாங்கிற ஆள் ஸ்டாண்ட் இருக்கோ எண்டு கேட்டவர்,” என்றார் அக்காள். “நான்தான் ஸ்டாண்ட் எண்டு சொல்ல ஏலுமோ?”

“என்னக்கா கதைக்கிறீங்க?”

“இது சரியான பாரம். கையில பிடிச்சா பறவை ஆடும். முகத்துவாரத்தில உன்ட அத்தான் பின்னால நிண்டு, என்ட தோளில வச்சுத்தான் பார்ப்பார். மூச்சு விடாத எண்டுவார்.”

“அப்ப உங்களைக் கட்டினதே இதுக்குத்தான்.”

“ஓம், இருக்கும்.”

“நீங்க பார்க்கிறேல்லையோ?”

“எனக்கு எல்லாம் வெள்ளைப் புள்ளிதான். பறவையின்ட சொண்டு சிவப்பெண்டு அவர் சொன்னாத்தான் தெரியும்.”

பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது.

“சாகிறதுக்கு முதல் கிழமை, நீயும் ஒருக்காப் பார் எண்டு தன்ட தோளைத் தந்தவர்,” என்றார் அக்காள். “அவர்ட உயரத்துக்கு எனக்கு எட்டேல்ல. அடுத்தமுறை கதிரை ஒண்டு கொண்டு வாறன், அதில இருந்து தோளைத் தாறன் எண்டவர்.”